நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துளைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. சூரிய மின்சாரம் நிறுவுகிறவர்களின் சங்கம் ஒன்று காலாண்டு மலர் நடத்துகிறது. அதன் ஆசிரியர் என்னிடம் கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'உலகப் பெருந்தொற்று சூரிய மின் துறையை எவ்வாறு பாதித்தது?' எவ்வாறு என்று கேட்டால் எண்களைக் கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து, எண்களை அள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் தேறியது. அதைத் தங்கையிடம் காட்டினேன்.

தங்கை அந்தத் துறையில்தான் இருக்கிறாள். மாடிகளில் பேனல் மாட்டும் சின்ன நிறுவனம் அவளுடையது. அவளையும் சேர்த்து ஐந்து பேர். நின்றபடியே படித்து முடித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணா. ஆனா இதுல ஆளே இல்லையே."

"துறையைப் பத்தின கட்டுரைம்மா. ஆளுக்கு எங்க போறது?"

"துறைன்னா யாரு? மாடில வெயில்ல நிக்கிறவங்கதானே?"

கட்டுரை அந்த நிமிடமே செத்தது. ஆசிரியருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லி அவகாசம் வாங்கினேன். பெருந்தொற்றைப் பற்றி எழுதுகிறவனுக்குக் காய்ச்சல் என்றால் யார் மறுகேள்வி கேட்கப் போகிறார்கள்?

2

தொடக்கம் ஒன்று: உலகம் முழுவதும் ஒரே நாளில் கதவைச் சாத்திக்கொண்டபோது, சூரியன் மட்டும் —

(விட்டுவிட்டேன். 'சூரியன் மட்டும்' என்று தொடங்குகிற வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.)

தொடக்கம் இரண்டு: விநியோகச் சங்கிலி அறுந்தது. துறைமுகங்களில் பெட்டிகள் தேங்கின. ஆலைகள் —

("எந்தச் சங்கிலி அண்ணா? எனக்கு வந்தது ஒரு மெயில்" என்றாள் தங்கை. இதையும் அடித்துவிட்டேன். மெயில் பிறகு வரும்.)

தொடக்கம் மூன்று: ஊரடங்கின் ஒன்பதாவது நாள், என் தங்கை சமையலறை மேசையில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்தது. இதிலிருந்தே போகலாம்.

3

இரண்டு நாள் தங்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனவன் நான். ஊரடங்கு வந்து என்னை அந்த வீட்டு ஆளாகவே ஆக்கிவிட்டது. (மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் சமையற்காரர். எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு வார்த்தை எழுதாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்.)

தங்கை அதுவரை முப்பத்தேழு மாடிகளில் பேனல் மாட்டியிருந்தாள். எந்த மாடி அன்றைக்கு எவ்வளவு மின்சாரம் தந்தது என்ற கணக்கு தினமும் சாயங்காலம் அவள் கைபேசிக்கு வந்துவிடும். வண்டிகள் ஓடவில்லை, ஆலைகள் புகைக்கவில்லை. தூசும் புகையும் அடங்கி, வெயில் தடையில்லாமல் இறங்கியது.

"முப்பத்தேழும் இன்னிக்கு ரெக்கார்டு அண்ணா. நாங்க அஞ்சு பேரும் வேலை இல்லாம உக்காந்திருக்கோம். எங்க மாடிங்க மட்டும் ஓவர்டைம் பாக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அடுத்த மாடி எப்போது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேனல் செய்கிற ஆலை மூடிக் கிடந்தது. செய்து முடித்தவை எங்கோ ஒரு துறைமுகத்தில் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. அவள் ஆட்களில் மூன்று பேர் சொந்த ஊர்களுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மிஞ்சியது அவளும் வெல்டரும்.

வெல்டரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஐம்பது வயதைத் தொட்டவர். எல்லோரும் அவரை 'வானொலி' என்று கூப்பிடுவார்கள். காரணம், வாயே திறக்க மாட்டார். முதல் வரைவில் அவருக்கு நிறைய வசனம் எழுதியிருந்தேன். தங்கை படித்துவிட்டு, "இது யாரு புது ஆளு?" என்று கேட்டாள். அத்தனையையும் எடுத்துவிட்டேன். இந்தக் கதையில் அவர் இரண்டே இடத்தில்தான் பேசுவார்.

4

இப்போது தவறுக்கு வருகிறேன். சோம்பேறித்தனத்தால் வந்த தவறாக இருந்திருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். இது சுறுசுறுப்பால் வந்தது.

ஊரின் ஓரத்தில் ஒரு சுகாதார நிலையம் இருந்தது. பத்துப் படுக்கை, ஒரு பிரசவ அறை, பின்பக்கம் மருந்து வைக்கும் அறை. அங்கே மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பெரிய ஆஸ்பத்திரி நகரத்தில், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நிலையத்தின் மாடிக்கு நாற்பத்தெட்டு பேனலும், பேட்டரியும், குளிர்பெட்டி இணைப்பும் என்று ஊரடங்குக்கு முன்பே தங்கையிடம் வேலை பேசி முடித்திருந்தார்கள். இரும்புக் கால்களையும் நட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாம் நின்றது.

பேனலைத் தாங்க நீளமான இரும்புச் சட்டங்கள் வேண்டும். அவற்றில் துளை போட்டு, பேனலை போல்ட்டால் முடுக்குவார்கள். பேனல் கைக்கு வந்த பிறகு, சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து, குறித்து, அப்புறம் துளை போடுவதுதான் மற்றவர்களின் வழக்கம். என் தங்கை அப்படிச் செய்ய மாட்டாள். வரைபடத்திலிருக்கும் அளவை வைத்துப் பட்டறையிலேயே எல்லாத் துளைகளையும் போட்டுவிடுவாள். மாடிக்கு ஏறினால் முடுக்குவது மட்டும்தான் வேலை. மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆகிற மாடியை மூன்று நாளில் முடிப்பாள். தொழிலில் அவளுக்குப் பேர் வாங்கித் தந்ததே இந்தப் பழக்கம்தான்.

பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்யலாம் என்று அனுமதி கிடைத்ததும் அவளும் வானொலியும் போய்ச் சேர்ந்தார்கள். கை சும்மா இருந்தால் மனசு கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி. பேனல் எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் சட்டங்களைத் தயாராக வைக்கலாமே. ஒரு பேனலுக்கு நாலு துளை. நாற்பத்தெட்டு பேனலுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொன்றையும் பிசிறு தட்டி, விளிம்பில் துரு ஏறாமலிருக்கப் பூச்சு கொடுத்து, பிறகு எல்லாச் சட்டங்களையும் மாடிக்கு ஏற்றி, கால்களின் மேல் பூட்டிவிட்டு வந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. ஆள் வர வேண்டிய கல்யாண மண்டபம் மாதிரி, எல்லாம் தயார், பேனல் மட்டும் வர வேண்டும்.

(தட்டச்சு செய்யும்போது ஒரு யோசனை: வாசகருக்கு இப்போதே தவறு என்னவென்று புரிந்திருக்குமா? புரிந்திருந்தால் நல்லது. அவளுக்கு அப்போது புரியவில்லை, அதுதான் விஷயம்.)

5

ஆலை மறுபடி திறந்தபோது உலகம் மாறிவிட்டிருந்தது. எல்லோரும் இனி ஒன்றுமே நடக்காது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், பேனல் செய்கிறவர்கள் பேனலைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய அளவை நிறுத்தியே விட்டார்கள். தங்கைக்கு வந்த மெயில் இதுதான்: 'நீங்கள் கேட்ட 335 வாட் பேனல் இப்போது தயாரிப்பில் இல்லை. அதற்குப் பதில் 540 வாட் பேனல் முப்பது அனுப்புகிறோம்.'

அவள் குதித்தாள். நான் பார்த்தேன். கையில் கரண்டியோடு சமையலறையில் ஒரு சுற்று சுற்றினாள்.

"நாப்பத்தெட்டு செய்யற வேலையை முப்பது செய்யப்போகுது அண்ணா! மாடில ஒரு வரிசையே மிச்சம்!"

மெயிலோடு அளவுத் தாளும் இணைத்திருந்தார்கள். அவள் அதைத் திறந்தாள். வாட்டைப் பார்த்தாள். வோல்ட்டைப் பார்த்தாள், ஆம்பியரைப் பார்த்தாள், இன்வெர்ட்டர் தாங்குமா என்று கணக்குப் போட்டாள். அகலத்தைப் பார்க்கவில்லை.

அதே வாரம் சுகாதார நிலையத்தின் தலைமை நர்ஸ் போன் செய்தார். தங்கை அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"தடுப்பூசி வரப்போகுதும்மா. கரண்டு நிக்காம இருக்கற இடத்துக்குத்தான் கொடுப்பாங்களாம். வியாழக்கிழமை காலைல பரிசோதகர் வர்றாரு. குளிர்பெட்டி சரியில்லன்னா நம்ம பங்கு நகரத்துக்குப் போயிடும்."

"அப்ப நம்ம ஊர்க்காரங்க?"

"பஸ்ல போகணும். பஸ்ஸே பாதி நாள் ஓடறதில்ல. நடக்க முடியாதவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? என் லிஸ்ட்லயே நூத்தம்பது பேர். வியாழக்கிழமைக்குள்ள ஏத்திடுவியா?"

"பேனல் திங்கக்கிழமை வருது. மூணு நாள் போதும். ஏத்திடறேன் அக்கா."

வாக்குக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தாள். ஆள் குறைந்ததால் வானொலியோடு என்னையும் சேர்த்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில், கழுத்துவலியோடு, நான் சூரிய மின் துறையில் நுழைந்த கதை இதுதான்.

6

திங்கட்கிழமை காலை லாரி வந்தது. ஒவ்வொரு பேனலும் ஓர் ஆள் கனத்தில் பாதி. முதல் பேனலை நாங்கள் மூன்று பேரும் படியில் ஏற்றி, முதல் சட்டத்தின் மேல் வைத்தோம். இடது பக்கத்தில் பேனலின் துளையும் சட்டத்தின் துளையும் கச்சிதமாகச் சேர்ந்தன. தங்கை போல்ட்டை உள்ளே விட்டாள். வலது பக்கம் போனாள். துளையைத் தேடினாள்.

துளை பதின்மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருந்தது.

அவள் பேனலை அசைத்துப் பார்த்தாள். டேப்பை எடுத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். நீளத்தில் பிரச்சினை இல்லை. புதிய பேனலில் அதற்கு இரண்டு ஜோடித் துளைகள் இருந்தன, ஒரு ஜோடி பொருந்தியது. அகலம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பேனலுக்குப் பதின்மூன்று என்றால் அடுத்ததற்கு இருபத்தாறு. வரிசை போகப் போகத் தள்ளிக்கொண்டே போகும்.

"பக்கத்துல வேற துளை போட்டா?" என்று கேட்டேன். துறையில் என் முதல் யோசனை.

"சில இடத்துல புதுத் துளை பழசுமேல பாதி ஏறும். எட்டு மாதிரி ஆயிடும். காத்து அடிச்சா போல்ட்டு பிச்சுக்கிட்டு வரும். ஆஸ்பத்திரி மாடி அண்ணா."

புதுச் சட்டம் வாங்கலாம் என்றால் இரும்புக் கடை வாரத்தில் ஒரு நாள்தான் திறந்தது. அந்த நாள் சனிக்கிழமை.

7

அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

("நான் எங்க அழுதேன்?"

"நான் பார்த்தேன்."

"வேர்த்துச்சு."

"மாஸ்க் கண்ணுக்குக் கீழ நனைஞ்சிருந்துது."

"எதுக்கு என்னை அழவைக்கிற? நான் துளைகளை எண்ணிட்டு இருந்தேன். அதை எழுது.")

சரி. அவள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் போட்ட துளைகளை எண்ணினாள். ஒவ்வொன்றையும் அவளே அளந்து குறித்தது. ஆட்களுக்கு வேலை வேண்டும், கை சும்மா இருக்கக் கூடாது என்று போட்டது. எண்ணி முடித்துவிட்டு, "நூத்தித் தொண்ணூத்திரண்டும் சரியா இருக்கு" என்றாள். துளைகள் எல்லாமே சரியாகத்தான் இருந்தன. இனிமேல் எங்கேயும் செய்யப்படாத ஒரு பேனலுக்கு.

பார்த்துக்கொண்டிருந்த நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை யாரும் மறுக்க முடியாது, என் கண்.

நர்ஸுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

8

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் போனபோது வானொலி எங்களுக்கு முன்பே மாடியில் இருந்தார். ஒரு சட்டத்தைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரின் மேல் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் நின்றுகொண்டு பீடி இல்லாத கையைப் பீடி பிடிப்பதுபோல் வைத்திருந்தார்.

சட்டம் என்பது தட்டையான கம்பி அல்ல. ஒரு பக்கம் திறந்த பெட்டி மாதிரி மடித்த தகடு. மேலே ஓர் உதடு, கீழே ஓர் உதடு. துளை போட்டது மேல் உதட்டில் மட்டும். காலோடு பூட்டுகிற போல்ட் நடுவில் வரும், அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் பூட்டலாம். அவர் அந்தச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார். மேலே வந்திருந்த உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

தங்கை சட்டத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி சட்டத்தைப் பார்த்தாள்.

"இதை நான் நேத்தே பாத்திருக்கணும் அண்ணே."

"நானும் நேத்து பாக்கல" என்றார் வானொலி. "இன்னிக்குத்தான் பாத்தேன்."

(அந்த ஆண்டு முழுக்க அவர் பேசி நான் கேட்டதில் நீளமான பேச்சு இதுதான். ஒரு சொல்கூட மாற்றவில்லை.)

அதன் பிறகு நடந்ததை மெதுவாக எழுத எனக்குப் பொறுமை இல்லை, அவர்களுக்கும் இருக்கவில்லை. மூன்று வரிசைக்குப் பன்னிரண்டு சட்டங்கள். கழற்று, திருப்பு, பூட்டு. இந்த முறை தங்கை ஒரு பேனலை மாடியிலேயே வைத்துக்கொண்டாள். சட்டத்தின் மேல் வைத்து, குறித்து, எடுத்து, துளை போட்டாள். எந்த வழக்கத்தை விட்டுவிட்டுப் பேர் வாங்கினாளோ அதே வழக்கம். ஒரு முணுமுணுப்பு இல்லை. நூற்றிருபது துளைகள். நான் போல்ட் எடுத்துக் கொடுத்தேன். நட்டு ஒன்றைத் தவறவிட்டேன். அது உருண்டு மழைநீர்க் குழாய்க்குள் போனது. அடுத்ததும் போனது. மூன்றாவது நட்டுக்குத் தங்கை என்னைக் கீழே அனுப்பித் தேநீர் வாங்கி வரச் சொன்னாள்.

("சட்டத்தைத் திருப்பிப் போட்டதை வச்சு வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது எழுதினியா?"

"இல்லையே."

"காட்டு."

அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவள் கண் முன்னாலேயே அடித்தேன்.)

9

புதன்கிழமை பேனல்கள் ஏறின. முப்பதாவது பேனலின் கடைசி போல்ட்டை முடுக்கியபோது மதியம் மூன்று மணி. தங்கை கீழே போய் இன்வெர்ட்டர் சாவியைத் திருப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரியில் எண் ஏறத் தொடங்கியது. எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து நின்ற நாங்கள் மூன்று பேரும், மூச்சு முட்ட ஏறிய மாடிப்படியை மறந்துபோனோம்.

நாலாவது வரிசைக்குப் பேனல் தேவைப்படவில்லை. அங்கே பழைய துளைகளோடு சட்டங்கள் அப்படியே நின்றன. நர்ஸம்மா மறுநாளே அதில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டார். துளைகளில் கயிறு கட்ட வசதியாக இருந்ததாம்.

கட்டுரையில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தை இங்கே சேர்த்துக்கொள்கிறேன்: 'பெருந்தொற்றுக் காலத்தில் இத்துறை தன்னைத் தகவமைத்துக்கொண்டது.' அப்போது அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்: ஒரு பெண், ஒரு வெல்டர், பன்னிரண்டு சட்டங்கள், இரண்டு நாள்.

10

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார்.

முதல் வரைவில் இவரை வில்லனாக்கியிருந்தேன். மீசை, அலட்சியம், மேசையைத் தட்டும் விரல். ஆனால் உண்மையில் வந்த மனிதர் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாதவர்போல் இருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. மீசை இருந்ததா என்றே தெரியாது, மாஸ்க்.

குளிர்பெட்டி 4.2 டிகிரி காட்டியது. நர்ஸம்மா பெருமையாக அதைக் காட்டினார்.

"மூடி வச்ச பெட்டி கரண்டு இல்லாமலே நாலு மணி நேரம் குளிரா இருக்கும்" என்றார் பரிசோதகர். "அதை நான் ஒத்துக்க முடியாது." நேராகப் போய் வெளி மின்சாரத்தின் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்து. ஏழு. ஒன்பது. பதினொன்று.

கதவைச் சாத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். "நாப்பது நிமிஷத்துல எட்டுக்குக் கீழ வரணும். உங்க வெயில்லயே வரணும்."

பெட்டி உறுமியது. 10.6. 10.1. தங்கை இன்வெர்ட்டர் பக்கம் நின்றாள். 9.7. பதினெட்டாவது நிமிடம் ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. மேகம். பேனலிலிருந்து வருகிற மின்சாரத்தின் எண் அவள் கண் முன்னால் சரிந்தது. இனி பேட்டரிதான். பேட்டரி சூரியனைப் பார்த்து ஒரு நாள்கூட ஆகவில்லை, பாதிதான் நிறைந்திருந்தது. அதோடு நிலையம் முழுக்க விளக்கும் விசிறியும் அதே மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. குளிர்பெட்டி 9.3இல் நின்றது. அங்கேயே நின்றது.

இங்கே இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முடிவு (அ): எண் இறங்கவில்லை. பரிசோதகர் பேனாவை மூடினார். தங்கை மாடிக்கு ஏறி, பளபளக்கும் முப்பது பேனல்களின் நடுவே —

"இதை எதுக்கு எழுதின?" என்றாள் அவள்.

"இலக்கியத்துல தோத்தாத்தான் ஒரு கனம் கிடைக்கும்."

"நாங்க ஜெயிச்சோம் அண்ணா. கனம் வேணும்னா நாளைக்கு வந்து அந்தப் பேனலைத் தூக்கு."

முடிவு (ஆ): சரியாக அந்த நிமிடம் பிரசவ அறையிலிருந்து ஒரு குழந்தையின் அழுகை —

இதைச் சரிபார்க்க நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். "அன்னிக்குக் குழந்தை எதுவும் பிறக்கலயே தம்பி" என்றார். "வெள்ளிக்கிழமை ஒண்ணு பிறந்துச்சு. அதுவும் சாயங்காலம்."

எனவே நடந்ததையே எழுதுகிறேன். 9.3இல் நின்ற எண்ணை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கை வேகமாக அறையைக் கடந்து, சுவரில் இருந்த விசிறி சுவிட்சை அணைத்தாள். அடுத்த அறைக்குப் போனாள். அடுத்ததற்கும் போனாள். நர்ஸம்மா புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் ஓடினார். வெல்டர் நடைபாதை விளக்குகளை அணைத்தார். பரிசோதகர் தடுக்கவில்லை. நான் மட்டும் எண்ணின் முன்னால் நின்றேன், அதை விட்டால் அது ஓடிவிடும் என்பதுபோல.

9.2.

"இறங்குது!" என்று கத்தினேன். இந்த மொத்த வேலையிலும் என் பங்கு அந்த ஒரு சொல்தான். அதை நன்றாகவே செய்தேன்.

8.8. 8.4. மேகம் போனதா இல்லையா என்று யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. 8.1. இருபத்தொன்பதாவது நிமிடம், 7.9. நர்ஸம்மா கை தட்டினார்.

"இருங்கம்மா" என்றார் பரிசோதகர். "அஞ்சுக்கு வரட்டும்."

ஐந்துக்கு வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டார். தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தார்.

"இங்க போன் சார்ஜ் பண்ண பிளக்கு இருக்காம்மா?"

மெயின் இன்னும் இறக்கியபடிதான் இருந்தது. தங்கை சிரித்துக்கொண்டே பிளக்கைக் காட்டினாள். அவர் கைபேசி வெயிலைக் குடிக்கத் தொடங்கியது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை அடக்கமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. என் தங்கை ஜெயித்தாள்.

11

மலர் ஆசிரியர் நேற்று மறுபடி போன் செய்தார். காய்ச்சல் விட்டதா என்று கேட்டார். விட்டது என்றேன். "முடிவுரை மட்டும் அழுத்தமா இருக்கட்டும்" என்றார்.

முடிவுரை என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான். தடுப்பூசிப் பெட்டி வந்த நாளன்று காலை எட்டு மணிக்கே நிலையத்தின் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. நடக்க முடியாதவர்களைத் தள்ளுநாற்காலியிலும் மூன்று சக்கர வண்டியிலும் கொண்டுவந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் ஒருவரும் இல்லை. நர்ஸம்மா தன் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். மாடி வேலை செய்தவர்கள் என்று எங்களுக்குச் சலுகை எதுவும் இல்லை. கேட்கவும் இல்லை. எங்கள் முறை வந்த நாளில் டோக்கன் வாங்கி நின்றோம். வானொலி அறுபது. தங்கை அறுபத்தொன்று. நான் அறுபத்திரண்டு.

வானொலி வெளியே வந்தபோது, வலித்ததா என்று கேட்டேன். "ம்" என்றார். அவர் பேசிய இரண்டாவது இடம் இதுதான்.

தங்கை உள்ளே போனபோது நர்ஸம்மா, "கண்ணை மூடிக்கம்மா" என்றார். அவள் மூடவில்லை. குளிர்பெட்டி திறக்கும்போது வெளியே வந்த பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் குப்பியை எடுத்தார்கள், அவள் கையில் ஏற்றினார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கண் நனைந்திருந்தது. அதை நான் எழுதலாம் என்று அவளே அனுமதி கொடுத்திருக்கிறாள்.

பிறகு நான் போனேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை, மாஸ்க். கையில் அறுபத்துமூன்று. அவர் யார் என்று பல நாள் யோசித்தேன். ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒரு தொழில் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை நிறுத்த எனக்கு மனமும் இல்லை.

ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வரிசையில், நீங்களும் நின்றிருப்பீர்கள். உங்களுக்கான குப்பி குளிராக இருக்க வேண்டும் என்று ஏதோ ஒரு மாடியில் யாரோ நின்றிருப்பார்கள். உங்களுக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் உங்களைத் தெரியாது. ஆகையால் அந்த டோக்கனை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கி நிற்கிறேன்.

நர்ஸம்மா கூப்பிடுகிறார். அறுபத்துமூன்று. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.